சுவரோர நாற்காலிகள் – கடிதம்

வணக்கம்.

கோவைக்குப் பக்கத்தில் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் பொறுப்பாளராக இருக்கிறேன். 32 பேர் தங்கியிருக்கிறார்கள். பொங்கல், கொலு, மாதம் ஒரு பஜனை, பிறந்தநாள் கொண்டாட வரும் குடும்பங்கள் என்று நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்த ஐந்தாவது நிமிடம் கூடம் அமைதியாகிவிடுகிறது. வருடக்கணக்காக ஒரே கூடத்தில் உட்காருகிறவர்களுக்கு அடுத்தவர் பெயர்கூடத் தெரியவில்லை. இவர்களுக்கு என்னென்ன விளையாட்டுகள், நிகழ்ச்சிகள் நடத்தலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? ஒரு நன்கொடையாளர் 55 அங்குல டிவி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதுமையின் தனிமை என்றாலே மகன் அமெரிக்காவில் இருப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 32 பேருக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரின் தனிமையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. பட்டியல் இருக்கட்டும். உங்கள் கூடத்தில் நாற்காலிகள் எப்படிக் கிடக்கின்றன?

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடலாம். சுவரை ஒட்டி வரிசையாக, நடுவில் வெறும் தரை. மாப் போட வசதி, சக்கர நாற்காலி தள்ள வசதி, வாசலில் நின்றே தலைகளை எண்ணிவிடலாம். மூன்றும் ஊழியர்களின் வசதி. உட்காருகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு மனநல மருத்துவமனை. அதன் முதியோர் வார்டுக்குப் புது வண்ணமும் புது நாற்காலிகளும் வந்த பிறகும் யாரும் யாரோடும் பேசவில்லை. உளவியலாளர் ராபர்ட் சாமரும் ஹியூ ராஸும் சுவரோர நாற்காலிகளை எடுத்துச் சிறிய மேசைகளைச் சுற்றிப் போட்டார்கள். பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்த ஆய்வு 1958இல் வெளியாயிற்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் இல்லங்களில் கூடம் ரயில் நிலையக் காத்திருப்பு அறை மாதிரியே இருக்கிறது என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

சுவரோரத்தில் பேச்சு எழாததற்குக் காரணம் உடம்பில் இருக்கிறது. வயதான காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஒலிகளை. குரல் வருவது தெரியும், சொல் பிடிபடாது. அந்தக் குறையை உதட்டைப் பார்த்துத்தான் ஈடுகட்டுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உதடு தெரியாது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்து எலும்புத் தேய்மானம் விடாது. எதிர்ச் சுவரில் இருப்பவர் பதினைந்து அடி தள்ளி இருக்கிறார். இரண்டு முறை 'என்ன?' என்று கேட்டவர் மூன்றாம் முறை வெட்கப்பட்டுச் சிரித்துத் தலையாட்டுவார். அதோடு பேச்சு முடிந்தது. 'அவங்களுக்குப் பேசவே பிடிக்காது சார்' என்று உங்கள் ஊழியர் உங்களிடம் சொல்லுவார். அதை நம்பாதீர்கள்.

மூன்றடிச் சதுர மேசை, நான்கு பேர். சக்கர நாற்காலி நுழைய மேசைக்கடியில் 27 அங்குல உயரமாவது இருக்கட்டும். நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம். இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருந்தால் முட்டியில் வலியில்லாமல் எழலாம். வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். ஒரு கைப்பிடியை மட்டும் ஊன்றி எழும்போது அதன் கால் விரிந்து ஆளைத் தள்ளிவிடும். மேசைகளுக்கு நடுவே வாக்கர் போக மூன்றடி வழி விடுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி யாரையும் உட்காரவைக்காதீர்கள், முகம் இருட்டாகி உதடு தெரியாது. எந்தக் காது கொஞ்சம் கேட்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் பேசுகிற ஆளை உட்காரவையுங்கள். காது கேளாத இருவரை ஒரே மேசையில் போட்டால் இருவரும் ஊமையாவார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். இரண்டு மேசை போதும். மாலைத் தேநீர் அந்த மேசையில்தான் கிடைக்கும் என்று வையுங்கள். முதல் வாரம் நாற்காலிகள் இரவோடு இரவாகச் சுவருக்குத் திரும்பிவிடும். துடைக்கிறவர் தள்ளிவிட்டு அப்படியே போய்விடுவார். தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவிடுங்கள். தூணருகே உள்ள நாற்காலியை மட்டும் விடமாட்டேன் என்று ஒரு பாட்டி அடம்பிடிப்பார். வீடு, அலமாரி, சமையலறை எல்லாம் போய் அவருக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நாற்காலி. அதைத் தொடாதீர்கள். மேசையை அவரிடம் கொண்டுபோங்கள்.

பஜனை எத்தனை மணிக்கு? காலை பதினொன்று என்றால் மாற்றிவிடுங்கள். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காலை முழுக்கக் கழிப்பறைக்கு நடை. நடுவில் எழ நேருமோ என்ற பயத்திலேயே அறையை விட்டு வரமாட்டார்கள். பிற்பகல் மூன்றரைக்கு வையுங்கள், முக்கால் மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

பிறந்தநாள் குடும்பங்கள் வரட்டும். ஆனால் பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்து, முன்பின் தெரியாத குழந்தைக்குக் கை தட்டச் சொல்லி, தட்டோடு போட்டோ எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். வருகிறவர்கள் மேசைக்கு ஒருவராக உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சாப்பிடட்டும். முடியாது என்பவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. ஒருவர் இறந்தால் என்ன செய்கிறீர்கள்? பல இல்லங்களில் பின்வாசல் வழியாக உடல் போகிறது, மறுநாள் கட்டிலில் புது விரிப்பு. சொன்னால் மற்றவர்கள் பயந்துபோவார்களாம். அவர்கள் பெற்றோரை, கணவனை, சிலர் பிள்ளையையே வழியனுப்பியவர்கள். ஒரு படம், ஒரு விளக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு வார்த்தை சொல்ல இடம், இவ்வளவு போதும். சொல்லாமல் மறைத்தால் 'நாளைக்கு என்னையும் இப்படித்தான் துடைத்துவிடுவார்கள்' என்று ஒவ்வொருவரும் தனித்தனியே புரிந்துகொள்வார்கள். அப்புறம் அடுத்தவர் பெயரைத் தெரிந்துகொள்ள யாருக்கு மனம் வரும்?

நிகழ்ச்சியைவிட வேலை நல்லது. சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, பூத் தொடுப்பது. விரல் மடங்காதவர்களுக்கு மல்லிகை வேண்டாம், செவ்வந்தியும் தடித்த நூலும் கொடுங்கள். கத்தி வேண்டாம். இருபது நிமிடம், விருப்பமுள்ளவர்கள் மட்டும். 'மாதாமாதம் பணம் கட்டுகிறோம், எங்கள் அம்மாவிடம் வேலை வாங்குகிறீர்களா?' என்று ஒரு மகன் போனில் கத்துவார். அம்மாவிடமே கேட்கச் சொல்லுங்கள். எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லம். ஒரு தளத்தில் செடியைக் கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள், எந்த நாள் சினிமா என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு தளத்தில் செடிக்கு நர்ஸ்கள் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்துக்காரர்கள் கூடுதல் உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள்.

நீங்கள் கேட்ட பட்டியல்: பல்லாங்குழி, தாயம், தம்போலா. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வேண்டாம், நடுங்கும் விரலுக்குக் கழற்சிக்காய்தான் பிடிபடும். தம்போலா சீட்டில் எண்கள் கட்டை விரல் அகலம் இருக்கட்டும். மற்றதை அந்த மேசைகளே முடிவுசெய்யும்.

டிவி வாங்காதீர்கள். இருப்பதையும் செய்திக்கும் ஒரு தொடருக்கும் மட்டும் போட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். பின்னணியில் சத்தம் இருந்தால் வயதான காதால் பக்கத்துக் குரலைப் பிரித்தெடுக்க முடியாது. நன்கொடையாளரிடம் அதே பணத்துக்கு எட்டு மேசையும் கைப்பிடி வைத்த மர நாற்காலிகளும் கேளுங்கள். பணம் போதாவிட்டால் முதலில் நாற்காலி.