பழைய 747இல் பச்சை விளக்கு ஏன் எரியவில்லை?

வாசகர் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: "எஃப்எஸ்எக்ஸ் என்ற விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் பல ஆண்டுகளாக வைத்திருந்த போயிங் 747-200 ஆட்-ஆனை (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் விமான மென்பொருளை) புதிய கணினியில் ப்ரீபேர்3டி என்ற மற்றொரு சிமுலேட்டரின் ஐந்தாம் பதிப்புக்கு மாற்றினேன். பறப்புப் பொறியாளர் பலகையில் இரண்டு கேஜ்கள் (அளவுகாட்டிகள்) கறுப்பாகவே இருக்கின்றன. மும்பையில் விமானத்தை நிறுத்தி, இணைய வரைபடத்தில் பார்த்த 19.09, 72.87 என்ற எண்களை ஐஎன்எஸ் என்ற வழிகாட்டிக் கருவியில் இட்டு அரை மணி நேரம் காத்திருந்தும் 'ரெடி நாவ்' என்ற பச்சை விளக்கு எரியவில்லை. விமான நிலைய வரைபடத்தைப் பார்த்து இட்ட ஒரு நாளில் மட்டும் எரிந்தது. அன்றும் ஆட்டோபைலட்டை ஐஎன்எஸ் நிலைக்குத் திருப்பியபோது விமானம் பாதைக்குத் திரும்பாமல் நேராகவே சென்றது. பறக்கும் திசையை மாற்றும் ஹெடிங் குமிழைக் கையால் திருப்பியே ஒன்பது மணி நேரத்தில் லண்டன் சேர்ந்தேன். இறங்கும்போது கருவி காட்டிய இடம் 11 கடல் மைல் தள்ளியிருந்தது. இரண்டு முறை அழித்துவிட்டு மீண்டும் நிறுவினேன். ஆட்-ஆன் பழுதா?"

நீங்கள் சொல்லும் நான்கு குறைகளில் கறுப்புக் கேஜ் ஒன்றே மென்பொருளின் பழுது. மற்ற மூன்றும், 1970களில் அந்த விமானத்தை ஓட்டியவர்களுக்கும் அப்படியே நேர்ந்திருக்கக்கூடியவை. ஆட்-ஆனை எழுதியவர் மூலக்கருவியைப் பின்பற்றியிருப்பதால் உங்களுக்கும் நேர்கின்றன. ஆகவே மூன்றாம் முறையாக நிறுவ வேண்டாம்.

கறுப்புக் கேஜை முதலில் முடித்துவிடுவோம். 2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரல். ப்ரீபேர்3டி 2017இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து 64 பிட் நிரல். எக்ஸ்எம்எல் மொழியில் எழுதப்பட்ட கேஜ்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும். சி மொழியில் எழுதி 32 பிட்டாகத் தொகுக்கப்பட்ட கேஜ் கோப்பை 64 பிட் நிரல் ஏற்றவே ஏற்றாது; பல சமயம் திரையில் எந்த அறிவிப்பும் இல்லாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். விமானத்தின் பேனல் கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த இரண்டு கேஜ்களுக்கும் உரிய வரிகளில் ஆச்சரியக்குறிக்கு முன்னால் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் கேஜ் கோப்பின் பெயர். சிமுலேட்டரின் விருப்பங்களில் உள்ளடக்கப் பிழைப் பதிவை இயக்கிவிட்டு விமானத்தை ஏற்றினால், ஏற்றப்படாத கோப்பின் பெயர் பதிவிலும் வந்துவிடும். கேஜ் 32 பிட்டாக இருந்தால், ஆக்கியவர் 64 பிட் பதிப்பு வெளியிட்டிருந்தாலன்றி வேறு வழியில்லை. பழைய விஷுவல் சி++ தொகுப்புகளை எத்தனை முறை நிறுவினாலும் பயன் இராது. அவற்றை நிறுவச் சொல்லும் அறிவுரை எஃப்எஸ்எக்ஸ் காலத்துக்கு உரியது. ஒரு கேஜுக்காக விமானத்தையே கைவிட மனமில்லாதவர்கள் பழைய எஃப்எஸ்எக்ஸையும் கணினியில் தனியாக வைத்துக்கொண்டு அதிலேயே இந்த விமானத்தை ஓட்டுகிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

இனி ஐஎன்எஸ். 747இல் பொருத்தப்பட்டது டெல்கோ நிறுவனத்தின் கேரொசல் நான்கு என்ற நிலைம வழிகாட்டிக் கருவி. ஒரே விமானத்தில் மூன்று. தரைநிலையத்தின் ரேடியோவோ செயற்கைக்கோளோ இல்லாமல், சுழற்சியை உணரும் கைரோக்களையும் வேகமாற்றத்தை உணரும் முடுக்கமானிகளையும் மட்டும் கொண்டு, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று கூட்டிக் கூட்டி இடத்தைச் சொல்வது அதன் வேலை. தொடக்க எண் எதுவோ அதன் மேல்தான் எல்லாக் கூட்டலும் நிற்கும்: தொடக்க இடம் தவறினால் பயணம் முழுவதும் தவறும். அந்தத் தொடக்க இடத்தைக் கருவிக்குச் சொல்ல வேண்டியவர் விமானி.

கருவிக்குத் தானாகத் தெரிந்துகொள்ள முடிந்தது பாதிதான். பூமி மணிக்கு ஏறத்தாழ 15 பாகை சுழல்கிறது. அசையாமல் நிற்கும் விமானத்தில் கைரோக்கள் அந்தச் சுழற்சியை உணர்ந்து, அதன் கிடைக்கூறு எந்தப் பக்கம் இருக்கிறதோ அது வடக்கு என்று முடிவு செய்கின்றன. அந்தக் கூறின் அளவிலிருந்து அட்சரேகையையும் தோராயமாக அறிகின்றன. சீரமைவு எனப்படும் இதற்குத்தான் 15 முதல் 20 நிமிடம் வரை ஆகிறது. நீங்கள் இட்ட அட்சரேகை இதனோடு வெகுவாக முரண்பட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். தீர்க்கரேகையை அறிய இப்படி எந்த வழியும் இல்லை, ஏனெனில் ஒரே அட்சரேகையில் எங்கு நின்றாலும் பூமியின் சுழற்சி ஒன்றுபோலவே இருக்கும். எண்பலகையில் கிழக்குக்கு 6, மேற்குக்கு 4. மும்பையில் நின்றுகொண்டு 6க்குப் பதிலாக 4ஐ அழுத்தினால், ஹெய்ட்டியின் மேற்குக் கரையோரம் நிற்பதாகக் கருவி ஐயமின்றி நம்பும். கைரோக்கள் அதை மறுக்க மாட்டா.

உங்கள் பிழை அவ்வளவு பெரிதன்று. ஆனால் கேள்வியிலேயே அது தெரிகிறது. இணைய வரைபடம் தரும் 19.09 என்பது பாகையின் தசமம். கேரொசல் கேட்பது பாகையும், நிமிடமும், நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கும். 0.09 பாகையை அறுபதால் பெருக்கினால் 5.4 நிமிடம், ஆகவே இட வேண்டியது வடக்கு 19 பாகை 05.4 நிமிடம். நீங்கள் 19, 09, 0 என்று அழுத்தியிருந்தால் அது முறையான எண்ணாகவே தோன்றும், கருவியும் ஏற்கும், ஆனால் விமானம் 3.6 கடல் மைல் வடக்கே நிற்பதாகக் கணக்காகும். தீர்க்கரேகையில்தான் உண்மையான சிக்கல். 72.87 என்பது 72 பாகை 52.2 நிமிடம். அதை 72, 87, 0 என்று இட்டால் நிமிடம் அறுபதைத் தாண்டுகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட ஆட்-ஆன் அதை மறுத்துவிடும். இடம் பதியாமலேயே நிற்கும் கருவி எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் சீரமைவை முடிக்காது, பச்சை விளக்கும் எரியாது. மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஆட்-ஆன் இன்னும் மோசம்: ஏறத்தாழ 33 கடல் மைல் கிழக்கே தள்ளிவிட்டுப் பச்சை விளக்கையும் எரியவிடும். விமான நிலைய வரைபடத்தைப் பார்த்து இட்ட நாளில் விளக்கு எரிந்ததன் காரணம் இதுவே, ஏனெனில் அதில் இடங்கள் பாகை, நிமிடக் கணக்கிலேயே அச்சாகியிருக்கும். அதிலும் விநாடி கொடுத்திருந்தால் ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள்; வருவது நிமிடத்தின் பத்தில் எத்தனை பங்கு என்பது. 30 விநாடி என்பது 0.5 நிமிடம்.

வரைபடம் கையில் இல்லையென்றால், எஃப்எஸ்எக்ஸிலும் ப்ரீபேர்3டியிலும் ஷிஃப்டையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். விமானம் நிற்கும் இடம் பாகை, தசம நிமிடமாகத் திரையின் மேல் வரும், அதையே இடலாம். அக்கால விமானிகளுக்கு இந்த வசதி இல்லை என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதிகளும் உண்டு. முதலில் கருவி வேலை செய்யட்டும், தூய்மையைப் பிறகு பார்க்கலாம் என்பது என் கருத்து.

இடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் தரையிலிருந்தோ துணை எஞ்சினிலிருந்தோ நிலையாக வரட்டும். பொறியாளர் பலகையில் மின்மூலத்தை மாற்றும் வேலையைச் சீரமைவின் நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். மேல்பலகையில் உள்ள மூன்று தேர்வுக் குமிழ்களையும் 'ஆஃப்' நிலையிலிருந்து 'ஸ்டாண்ட்பை'க்குத் திருப்புங்கள். எண்திரைப் பெட்டியின் குமிழை 'பாஸ்' என்ற நிலையில் வைத்து, வடக்குக்கு 2, பின்பு 1, 9, 0, 5, 4, பின்பு 'இன்செர்ட்'. ஐந்துக்கு முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டால் எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும். அடுத்து கிழக்குக்கு 6, பின்பு 7, 2, 5, 2, 2, மறுபடியும் 'இன்செர்ட்'. அந்த விசையின் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் எண் இன்னும் உள்ளே போகவில்லை. மூன்று கருவிகளிலும் தனித்தனியே இட்டுவிட்டு 'அலைன்' நிலைக்குத் திருப்புங்கள். குமிழை நிலைக்குறியீடு காட்டும் கடைசி நிலையில் வைத்தால், 90 அளவில் தொடங்கும் ஓர் எண் படிப்படியாக இறங்கி வருவதைக் காணலாம். காத்திருக்கும்போது பச்சை விளக்கை விட அந்த எண்ணே பயனுள்ளது. அது இறங்கிக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள். ஒரே எண்ணில் நின்றுவிட்டால் இடம் பதியவில்லை அல்லது விமானம் அசைகிறது என்று கொள்ளலாம்.

அசைவு சிமுலேட்டருக்கே உரிய தொல்லை. நிறுத்தத்தடை போடாத விமானத்தைக் காற்று மெல்ல நகர்த்திவிடும். தேய்ந்த த்ராட்டில் நெம்புகோல் அவ்வப்போது உந்துவிசையைக் கூட்டும். பின்னோக்கித் தள்ளும் வேலையையும் பச்சை விளக்கு எரிந்து, குமிழை 'நாவ்' நிலைக்குத் திருப்பிய பிறகே தொடங்குங்கள். நடுவானில் சேமித்த பறப்பைத் திறந்து ஓட்டும் வழக்கம் இருந்தால் இந்த விமானத்துக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள். சிமுலேட்டர் விமானத்தின் இடத்தைச் சேமிக்கிறதே தவிர, ஆட்-ஆனின் உள்நிலை முழுவதையும் பெரும்பாலும் சேமிப்பதில்லை. காத்திருக்கவே பொறுமையில்லை என்றால் ஆட்-ஆனின் அமைப்புகளில் விரைவுச் சீரமைவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஆட்டோபைலட் பாதைக்குத் திரும்பாததற்கு வருகிறேன். குமிழை ஐஎன்எஸ் நிலைக்குத் திருப்பியதும் விமானம் எங்கிருந்தாலும் பாதையை நோக்கி ஓடிவரும் என்று இன்றைய விமானங்களில் பழகியவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்தக்கால 747 அப்படிச் செய்யாது. பாதையிலிருந்து 7.5 கடல் மைலுக்குள் இருந்து, பாதையை நெருங்கும் திசையிலும் சென்றால்தான் ஆட்டோபைலட் அதைப் பற்றிக்கொள்ளும். அதுவரை ஆயத்தமாக மட்டும் இருந்து, இருக்கும் ஹெடிங்கிலேயே நேராகப் போகும். இது விளையாட்டான விவரமன்று. 1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குச் சென்ற கொரியன் ஏர் லைன்ஸின் 747 விமானம் பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் இறந்தனர். பன்னாட்டுக் குடிமை வான்பயண அமைப்பு 1993இல் அளித்த அறிக்கை, ஆட்டோபைலட் ஹெடிங் நிலையிலேயே விடப்பட்டிருக்கலாம், அல்லது பற்றும் எல்லைக்கு வெளியே சென்ற பிறகு ஐஎன்எஸ் நிலைக்குத் திருப்பப்பட்டிருக்கலாம் என்றும், விமானிகள் அதைக் கவனிக்கவில்லை என்றும் கூறியது.

மும்பையில் கடலை நோக்கி எழும்பி, ஏறிக்கொண்டே திரும்பி வருவதற்குள் பாதையின் முதலாம் வழிப்புள்ளிக்கும் இரண்டாம் வழிப்புள்ளிக்கும் இடையிலான கோட்டிலிருந்து நீங்கள் எட்டு, பத்து மைல் விலகியிருப்பது எளிது. இதற்குத் தீர்வு கருவியிலேயே இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை உள்ள வழிப்புள்ளிகளோடு, 'இப்போது இருக்கும் இடம்' என்பதைக் குறிக்கும் பூச்சியமும் உண்டு. புள்ளியை மாற்றும் விசையை அழுத்தி, 0, 2, 'இன்செர்ட்' என்று இடுங்கள். இருக்கும் இடத்திலிருந்து இரண்டாம் புள்ளிக்குப் புதிய கோடு அமையும், விலகல் பூச்சியமாகும். விமானத்தின் மூக்கை ஏறத்தாழ அத்திசைக்குக் கொண்டுவந்த பின் ஆட்டோபைலட்டைத் திருப்பினால் அது பற்றிக்கொள்ளும். அப்போதும் பற்றவில்லை என்றால், விசைப்பலகையில் சிமுலேட்டரின் சொந்த ஆட்டோபைலட்டுக்கு உரிய விசை எதையேனும் அழுத்தினீர்களா என்று பாருங்கள். ஆட்-ஆனின் ஆட்டோபைலட்டும் சிமுலேட்டருடையதும் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒன்றன் கட்டளையை மற்றது அழித்துவிடும்.

லண்டனில் கண்ட 11 கடல் மைலுக்காக ஆட்-ஆன் ஆக்கியவருக்கு எழுத வேண்டியதில்லை. கேரொசலில் அளவிடும் உறுப்புகள் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழன்று, தம் பிழைகளை எல்லாத் திசையிலும் பரப்பிச் சமன்செய்துகொள்ளும். அப்படியிருந்தும் மணிக்கு 2 கடல் மைல் அளவிலான விலகல் அக்காலத்தில் ஏற்கத்தக்கதாகவே கருதப்பட்டது. ஒன்பது மணி நேரத்தில் 11 என்பது மணிக்கு 1.2தான். அடுத்த பயணத்தில் மணிக்கு ஒருமுறை மூன்று கருவிகளின் இடத்தையும் ஷிஃப்ட்-இசட் காட்டும் இடத்தோடு ஒப்பிட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேறுபாடு சிறிதாகத் தொடங்கி மெல்ல வளர்ந்தால் அது ஆக்கியவர் வேண்டுமென்றே சேர்த்த விலகல். அமைப்புகளில் அதை நிறுத்தும் வசதி இருக்கக்கூடும். மூன்றிலும் ஒரே வேறுபாடு முதல் மணியிலேயே முழு அளவில் இருந்தால் நீங்கள் இட்ட தொடக்க இடம் தவறு. இரண்டு கருவிகள் ஒத்துப்போய் ஒன்று மட்டும் விலகினால், அந்த ஒன்றில் எண்ணை மாற்றி அழுத்தியிருக்கிறீர்கள். மீதிப் பயணத்துக்கு ஆட்டோபைலட்டை மற்ற இரண்டில் ஒன்றோடு இணைத்துக்கொள்ளுங்கள்.