34 சதவீதம் வந்துவிட்டது, ஆய்வேட்டை வெளியாளிடம் கொடுக்கலாமா?

கேள்வி: உளவியலில் முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். கல்லூரி மாணவர்களின் தூக்கமும் தேர்வு மதிப்பெண்ணும் என் தலைப்பு. ஆய்வேட்டை, மற்றவர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் போட்டதில் 34 சதவீதம் ஒப்புமை என்று வந்துவிட்டது. பத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார் நெறியாளர். எப்படி என்று சொல்லவில்லை. நான் யாரிடமிருந்தும் வேண்டுமென்றே எடுக்கவில்லை அம்மா. "இரண்டே நாளில் 8 சதவீதம் ஆக்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். மாதிரிக்காக இரண்டாம் இயலை அவருக்கு அனுப்பியும் விட்டேன். மீதியையும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அனுப்பிய இரண்டாம் இயலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு அதிகக் கவலை அதுதான்.

முதலில் அந்த 34-ஐப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய அறிக்கையை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஏறக்குறைய 7 சதவீதம் துணைநூல் பட்டியல். ஒரே நூலை எல்லோரும் ஒரே மாதிரிதான் குறிப்பிடுவார்கள், அது ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? 4 சதவீதம் போல ஆய்வு முறை இயலில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலில் 7 கூறுகள், மொத்த மதிப்பெண் 0 முதல் 21 வரை, 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவுகோலைக் கையில் எடுத்த எவரும் இதைத்தான் எழுத முடியும். 12 சதவீதம், நீங்களே போன வருடம் வெளியிட்ட கட்டுரை. மிச்சமிருக்கும் 11 சதவீதம் இரண்டாம் இயலில், முன்னாய்வுகளைத் தொகுத்த இடத்தில் இருக்கிறது. உண்மையான வேலை அங்கே மட்டும்தான்.

மென்பொருளுக்குத் திருட்டு என்றால் என்னவென்று தெரியாது. இதே சொற்கள் இதே வரிசையில் வேறெங்காவது இருக்கின்றனவா என்று தேடும், அவ்வளவுதான். தங்கள் ஒப்புமைச் சதவீதம் கருத்துத் திருட்டுக்கான தீர்ப்பு அல்ல என்று, இப்படிப்பட்ட மென்பொருளைத் தயாரிக்கும் டர்னிட்டின் நிறுவனமே சொல்கிறது. அறிக்கையைத் திறந்து படித்து முடிவு செய்ய வேண்டியது மனிதர். ஆனால் படிக்க நேரம் வேண்டும். எண்ணைப் பார்க்க நேரம் வேண்டாம். அதனால் நிர்வாகங்கள் எண்ணைப் பிடித்துக்கொண்டுவிட்டன. எப்படி எழுதுவது என்று ஒரு பருவம்கூடச் சொல்லித் தராமல், கடைசி மாதத்தில் "பத்துக்குக் கீழே" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் மாணவர் எங்கே போவார்? இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம்தான் போவார். இந்த வியாபாரம் தழைப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஆள் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் வரிகளை ஒரு கருவியில் போட்டு, சொல்லுக்குச் சொல் மாற்றித் தருவார். 2021-இல் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இப்படி மாற்றப்பட்ட கட்டுரைகளைக் கூட்டம் கூட்டமாகக் கண்டுபிடித்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நெஞ்சின் ஆபத்து' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். செயற்கை நுண்ணறிவு 'போலி உணர்வு' ஆகியிருந்தது. சித்திரவதைக்கு ஆளான சொற்றொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். துறை தெரிந்த தேர்வாளர் ஒருவர் இரண்டு பக்கம் படித்தால் போதும், பிடித்துவிடுவார். அப்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர் இருக்க மாட்டார்.

இன்று தப்பித்தால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஜெர்மனியில் கல்வி அமைச்சராக இருந்த அனெட் ஷாவான் 1980-இல் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்காக அவருடைய முனைவர் பட்டத்தை 2013-இல் பறித்தார்கள். அடுத்த சில நாட்களில் பதவி விலகினார். 33 வருடம் கழித்து! எழுதிய ஏடு எங்கும் போய்விடுவதில்லை.

சரி, அந்த 11 சதவீதத்துக்கு வருவோம். உங்கள் 41-ஆம் பக்கத்தில் சிவப்பில் தெரியும் வரி: "போதாத உறக்கம் மாணாக்கரின் ஞாபகசக்தியையும் கூர்நோக்கையும் சீர்குலைக்கிறது, இதன் விளைவு பரீட்சை மதிப்பெண்களில் புலப்படுகிறது." நீங்கள் படித்த கட்டுரையில் இருப்பது: "குறைவான தூக்கம் மாணவர்களின் நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கிறது, இதன் விளைவு தேர்வு மதிப்பெண்களில் வெளிப்படுகிறது." தூக்கம் உறக்கமாயிற்று, தேர்வு பரீட்சையாயிற்று. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, நடுவிலுள்ள காற்புள்ளி உட்பட. அடியில் சான்று கொடுத்திருக்கிறீர்கள், உண்மைதான். ஆனாலும் இது ஈயடிச்சான் காப்பிக்கு ஒரு படி மேலே, அவ்வளவே. சான்று கொடுப்பது கருத்து யாருடையது என்பதற்கு. வாக்கியமும் அவருடையதுதான் என்றால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மதிப்பெண் குறைவதற்குச் சரியாகப் படிக்காததை மட்டும் காரணம் சொல்ல முடியாது. தூக்கம் குறைந்தவர்களிடம் நினைவும் கவனமும் தளர்வதை இந்த ஆய்வு காட்டுகிறது. ஆனால் இதில் பங்கேற்றவர்கள் விடுதி மாணவர்கள் மட்டுமே. வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்பதையே நான் பார்க்க விரும்பினேன்." கடைசி இரண்டு வாக்கியங்கள் உங்களைத் தவிர யாரும் எழுதியிருக்க முடியாதவை. அவை வந்ததுமே முன்னால் இருப்பதும் உங்கள் நடைக்கு மாறிவிடுகிறது. இந்த ஆய்வு என் தலைப்புக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டு எழுதினால் நகல் வருவது கடினம்.

செய்முறை எளிது. கட்டுரையைப் படியுங்கள். மூடிவையுங்கள். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து, பக்கத்து அறைத் தோழிக்குச் சொல்வதுபோலத் தாளில் எழுதுங்கள். அப்புறம் திறந்து, எண்களும் பெயர்களும் சரியா என்று மட்டும் ஒப்பிடுங்கள். திரையில் ஒரு பக்கம் மூலம், மறுபக்கம் உங்கள் கோப்பு என்று வைத்துக்கொண்டு எழுதினால் எவ்வளவு நேர்மையானவரின் கையும் மூலத்தின் பின்னால்தான் போகும். அந்த 11 சதவீதம் சுமார் முப்பது பத்திகள். ஒரு நாளைக்கு நான்கு பத்தி என்றால் எட்டு நாள்.

இப்போது உங்கள் சொந்தக் கட்டுரை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பயப்படக் கூடாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள். "என் எழுத்தை நானே எப்படித் திருடுவேன்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். படிக்கிறவர் இதைப் புதிதென்று நம்புகிறார், பழையது என்று நீங்கள் சொல்லவில்லை. தவறு அங்கேதான். சொல்லிவிட்டால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சிக்கல் தீர்ந்தது. முன்னுரையிலும் நான்காம் இயலின் தொடக்கத்திலும், இந்த இயலின் ஒரு பகுதி இன்ன இதழில் இன்ன ஆண்டில் வெளியானது என்று ஒரு வரி எழுதுங்கள். அது நீங்கள் மட்டும் எழுதிய கட்டுரையா? அப்படியென்றால் இதழின் காப்புரிமைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஆய்வேட்டில் சேர்க்க அனுமதி உண்டு என்று பல பதிப்பாளர்கள் அதிலேயே எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பின்னிணைப்பில் வையுங்கள். உங்களோடு சேர்ந்து எழுதியவர் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். அவர் செய்த பகுதி எது, நீங்கள் செய்தது எது என்றும் தனியாகக் குறிப்பிடுங்கள். பிறகு நூலகத்தில் அந்தக் கட்டுரையை விலக்கிவிட்டு அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். மென்பொருளில் அதற்கு வசதி உண்டு. துணைநூல் பட்டியலையும் அதேபோல விலக்கலாம். இரண்டும் போனால் 34 என்பது 15-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எட்டு நாள் எழுத்து வேலை முடிந்ததும் நெறியாளர் சொன்ன எண்ணுக்குக் கீழே இருப்பீர்கள்.

கடைசியாக, அனுப்பிவிட்ட இரண்டாம் இயல். இந்த ஆட்களில் பலர், சதவீதத்தைக் காட்டுவதற்காக யாரோ ஒருவருடைய கணக்கில் உங்கள் கோப்பை ஏற்றுவார்கள். அந்தக் கணக்கின் அமைப்பைப் பொறுத்து, ஏற்றிய கோப்பு மென்பொருளின் சேமிப்பில் தங்கிவிடும். பிறகு உங்கள் பல்கலைக்கழகம் சோதிக்கும்போது உங்கள் இயலே வேறொரு மாணவரின் தாளாக எதிரே வந்து நிற்கும், நூற்றுக்கு நூறு ஒப்புமையோடு. இப்படி மாட்டிக்கொண்டு அழுத ஒரு பெண்ணுக்கு, ஏடு தன்னுடையதுதான் என்று நிரூபிக்க நான்கு மாதம் ஆயிற்று. அவளைக் காப்பாற்றியது தேதி போட்டு வைத்திருந்த பழைய வரைவுகள்.

ஆகவே இன்றே அந்த ஆளுக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கணக்கில் ஏற்றினீர்கள், எந்தத் தேதியில்? பதில் வந்தாலும் வராவிட்டாலும் நூலகரிடமும் நெறியாளரிடமும் நீங்களே போய் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் முன்கூட்டிச் சொன்னது ஒரு மாதிரி இருக்கும், அறிக்கையில் அவர்களாகக் கண்டுபிடித்தது வேறு மாதிரி இருக்கும். ஏற்றிய கணக்கு தெரிந்தால், அந்தக் கணக்கு எந்த நிறுவனத்துடையதோ அதன் வழியாகச் சேமிப்பிலிருந்து கோப்பை நீக்கக் கேட்கலாம். அதற்குள் இரண்டாம் இயலின் எல்லா வரைவுகளையும், தோழிக்கோ நெறியாளருக்கோ அனுப்பிய பழைய மின்னஞ்சல்களையும் தேதி வாரியாக ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.