லே மாவட்டத்துக்கு எந்தப் பரப்பளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். லடாக்கின் லே மாவட்டப் பரப்பளவு ஒரு புத்தகத்தில் 45,110 சதுர கிலோமீட்டர், இன்னொன்றில் 82,665. மக்கள்தொகை மட்டும் இரண்டிலும் 1,33,487. எதைக் கொண்டு அடர்த்தி கணக்கிடுவது? ஆயிரம் ஆண்களுக்கு 690 பெண்கள் என்பது அச்சுப்பிழையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எதுவும் அச்சுப்பிழை இல்லை. இரண்டு பரப்பளவுக்கும் உள்ள வித்தியாசம் 37,555 சதுர கிலோமீட்டர். இந்தியா உரிமை கோரும், சீனாவின் கட்டுப்பாட்டில் உள்ள நிலம் அது. பெரும்பகுதி அக்சாய் சின். அங்கே இந்தியக் கணக்கெடுப்பு நடப்பதில்லை. ஆகவே 1,33,487 என்பது 45,110-க்குள் எண்ணப்பட்டவர்கள் மட்டும். வகுத்தால் 2.96 வரும், அதைத்தான் 3 என்கிறார்கள். 82,665-ஆல் வகுத்தால் 1.6. எண்ணாத நிலத்தையும் வகுஎண்ணில் சேர்த்துவிட்டதால் வரும் தவறான விடை இது.

2019-க்குப் பிறகு வந்த வரைபடங்களில் இன்னும் கவனம் தேவை. அவற்றில் பாகிஸ்தான் கட்டுப்பாட்டிலுள்ள கில்கித் பகுதியும் லே மாவட்டத்துக்குள் வருகிறது. வரைபடத்தின் எல்லை உரிமைக் கோரிக்கையைக் காட்டுவது. மக்கள்தொகை அட்டவணை நிர்வாகம் நடக்கும் இடத்தைக் காட்டுவது. அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் இரண்டையும் கலக்காதீர்கள்.

690-க்கு வருவோம். 2011 கணக்கில் ஆண்கள் 78,971, பெண்கள் 54,516. கணக்கெடுப்பில் ஒருவரைச் சொந்த ஊரில் அல்ல, அப்போது தங்கியிருக்கும் இடத்தில் எண்ணுவார்கள். முகாம்களில் இருக்கும் ராணுவத்தினரும், சாலை வேலைக்கு வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் லே கணக்கில் சேர்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். லடாக்கிக் குடும்பங்களில் பெண்கள் குறைவு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். பயிற்சிக் குறிப்புகள் சிலவற்றில் அப்படி இருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. மதவாரிக் கணக்கில் இந்துக்கள் சுமார் 17 சதவீதம் என்று வருவதற்கும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் இப்படிச் சேர்வதே காரணம்.

அடர்த்தி 3 என்பதை வைத்து மக்கள் பரவலாக வாழ்வதாக நினைக்க வேண்டாம். மழை மிகக் குறைவு என்பதால், பனி உருகி வரும் ஓடையை வாய்க்காலில் திருப்ப முடிந்த இடத்தில்தான் வாற்கோதுமை விளையும், ஊர் அமையும். சிந்து, ஷியோக், நுப்ரா பள்ளத்தாக்குகளில் ஊர்கள் செறிந்திருப்பது அதனால்தான். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் மட்டும் 30,870 பேர். கிழக்கே சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பா மேய்ப்பர்கள் ஆடுகளோடு இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள்.

பழைய கணக்குகளோடு ஒப்பிடும்போது ஒன்றைப் பாருங்கள். கார்கில் 1979-இல்தான் தனி மாவட்டமானது. 1971-இன் லடாக் மாவட்டத்தை 2011-இன் லேயோடு மட்டும் ஒப்பிடக் கூடாது. கார்கிலின் 1,40,802-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில் நுப்ரா, ஷாம், சாங்தாங், சன்ஸ்கார், திராஸ் என ஐந்து புதிய மாவட்டங்கள் அறிவிக்கப்பட்டிருப்பதால், விடையில் எண்ணோடு ‘2011 எல்லைப்படி’ என்றும் எழுதிவிடுங்கள்.