மாற்றுத்திறனாளிகளின் கலைக்காக நடக்கும் ஏலத்தில் படம் வாங்கினால் அவர்களுக்கு நிஜமாகவே பயன் உண்டா?

உண்டு, தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஏலம் கேட்பதற்கு முன்னால் நடத்துபவர்களிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: வரைந்தவருக்கு எவ்வளவு போகிறது, மீதிப் பணத்தை எதற்குச் செலவு செய்யப் போகிறார்கள்.

என் தங்கை சக்கர நாற்காலியில் இருப்பவள், அக்ரிலிக்கில் வரைவாள். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு ஏலத்துக்கு அவளிடம் படம் கேட்டு வாங்கிப் போனார்கள். ஆசையாகக் கிளம்பிப் போனால் கூடம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது, சாய்தளமும் கிடையாது, நானும் அங்கிருந்த ஒருவரும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். அப்புறம் படம் மேடைக்கு வந்தபோது ஏலம் விட்டவர் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுக்கு நடந்த விபத்தைத்தான் விவரித்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று நல்ல விலைக்கே போனது. வீட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

சரியாக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஓக்லாந்தில் இருக்கும் கிரியேட்டிவ் குரோத் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான கலைக்கூடம். 1974-ல் ஃபுளோரன்ஸ், எலியாஸ் காட்ஸ் தம்பதி தங்கள் வீட்டிலேயே தொடங்கியது. விற்கும் விலையில் பாதி கலைஞருக்கே போகிறது. ஜூடித் ஸ்காட் அங்கே வந்தவர்தான். பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் என்ற வளர்ச்சிக் குறைபாடு, காதும் கேட்காது, கேட்காது என்பதையே வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏழு வயதிலிருந்து முப்பது வருடங்களுக்கு மேல் காப்பகங்களில் கழிந்தது. இரட்டைச் சகோதரி ஜாய்ஸ்தான் அவரை மீட்டுத் தன்னோடு கூட்டி வந்து 1987-ல் அங்கே சேர்த்தார். சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவர் எதிலும் ஒட்டவே இல்லை. அப்புறம் ஒரு நாள் நூலைக் கையில் எடுத்தார், கிடைத்த பொருளையெல்லாம் நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றி ஆளுயரச் சிற்பங்கள்கூடச் செய்தார், 2005-ல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் படைப்பு இருக்கிறது.

எனக்கு அந்த இரண்டு வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவருக்காகவும் தினமும் கதவைத் திறந்து வைத்து, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து, நூல் வாங்கிப் போட ஒருவர் வேண்டியிருந்தது. ஏலப் பணம் அதற்குப் போக வேண்டும், ஒரு நாள் விழாவுக்கும் விருந்துக்கும் அல்ல. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29-ஆவது பிரிவிலேயே மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு ஆதரவு, எல்லோரும் அணுகக்கூடிய கலை என்றெல்லாம் சொல்கிறது, அதாவது இது யாரும் போடும் பிச்சை இல்லை.

அதனால் ஏலத்துக்குப் போகிறவர்கள் முதலில் படத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டத் தோன்றினால் கடைசிவரை விடாமல் கேளுங்கள். பிடிக்கவில்லையா, நன்கொடையைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், பரிதாபப்பட்டு வாங்கிப் பரணில் போட வேண்டாம், வரைந்தவருக்கு அது தெரிந்தால் வலிக்கும்.

தங்கை இப்போதும் ஏலங்களுக்குப் படம் தருகிறாள். கேட்டு வருகிறவர்களிடம் சாய்தளம் இருக்கிறதா, தன் பங்கு எத்தனை சதவீதம் என்று அவளே கேட்டு, எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் படத்தைக் கொடுக்கிறாள்.