கை சரியில்லை என்று திருப்பி அனுப்பிய கல்லூரி

கேள்வி: ஐயா, என் மகள் எட்டு வருடமாக வயலின் படிக்கிறாள். இந்த வருடம் இசைக் கல்லூரியில் எடுக்கவில்லை. அன்றே வயலினை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். இத்தாலியில் வெர்டி என்ற இசையமைப்பாளரைச் சேர்க்க மறுத்த கல்லூரிக்கே பின்னாளில் அவர் பெயரை வைத்தார்களாமே, நிஜமா?
– ஒரு தாய், குழித்துறை

பதில்: நிஜம்தான் அம்மா. ஆனால் மகளிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள்.

ஜுஸெப்பே வெர்டி 1813இல் புஸ்ஸெத்தோ பக்கத்தில் ரொங்கோலே என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தினார். (நம் சுவாதித் திருநாள் மகாராஜாவும் அதே 1813தான். திருவனந்தபுரம் இசைக் கல்லூரிக்கு அவர் பெயர். அரண்மனையில் பிறந்தவருக்கு ஏது நுழைவுத் தேர்வு!) 1832இல் மிலான் கல்லூரி வாசலில் நின்றபோது வெர்டிக்கு வயது 18. அங்கே சேரும் வயதோ 14க்குள். போதாக்குறைக்கு அவர் பார்மா நாட்டுக்காரர். மிலான் அப்போது ஆஸ்திரியாவின் கையில். கேரள எல்லையில், களியக்காவிளையில் குடியிருக்கும் எனக்கு இது நன்றாகவே புரியும். சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் நாலு வீடு தள்ளிப் பிறந்தால் விண்ணப்பத்தில் வேறு கட்டம்.

பியானோவில் கை வைக்கும் விதமும் சரியில்லை என்றார்கள். அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வில் பிடிக்கும் கட்டைவிரலைத் திருத்தவே பிள்ளைகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவன் நான். 18 வயதில் படிந்துபோன கை லேசில் மாறாது.

வெர்டி ஊருக்குத் திரும்பவில்லை. புஸ்ஸெத்தோ வியாபாரி பரெஸ்ஸி பணம் கொடுக்க, மிலானின் லா ஸ்காலா ஓபரா (இசை நாடக) அரங்கில் வேலை பார்த்த லவிஞ்ஞா என்ற வாத்தியாரிடம் தனியாகப் படித்தார். வருடக்கணக்கில் கானன், ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் அமைப்புகள்) என்று ஒரே கணக்குப் பயிற்சி. நம் வர்ணத்தை மூன்று காலத்தில் வாசிப்பது போல, அலுப்பான வேலை. 1842இல் அதே லா ஸ்காலாவில் அவருடைய 'நபுக்கோ' ஓபரா அரங்கேறியது. வயதான பிறகு கல்லூரிக்கு அவர் பெயர் வைக்கக் கேட்டபோது அவர் இசையவில்லை. 1901இல் காலமானார், பெயர் அப்புறம்தான் வந்தது. மிலானில் அவர் தன் காசில் கட்டியது வேறொன்று, முதிய இசைக்கலைஞர்களுக்கு ஓர் இல்லம். அடக்கமானதும் அங்கேதான்.

சரி, உங்கள் மகள் விஷயம். எதில் மதிப்பெண் போனது என்று கேட்டீர்களா? விரலா, லயமா, சுருதியா? என்னையும் ஒரு கல்லூரி திருப்பி அனுப்பியது. காரணம் கேட்க வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். மேல் ஸ்தாயியில் என் சுருதி இறங்குவதை நாலு வருடம் கழித்துத்தான் ஒரு வாத்தியார் காட்டினார். நாலு வருடம் அம்மா!

அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அதற்கு முன் வயலினை அலமாரியிலிருந்து இறக்குங்கள். இடவப்பாதி மழை ஈரத்தில் ஒட்டு விட்டுப்போகும்.