கேள்வி நேரம்: தனுஷ்கோடி ஸ்டேஷன்

கே: ராமேஸ்வரம் இருக்க, மணல் திட்டின் கோடியில் எதற்கு ஒரு ரயில் நிலையம்? (வாசகர், தங்கச்சிமடம்)

ப: கோயிலுக்காக அல்ல, கப்பலுக்காக. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே கொழும்பு ரயிலைப் பிடிக்க முடிந்தது. நடுவில் கடல் சுமார் 35 கி.மீ.தான். பாம்பனில் தடம் பிரிந்து ஒன்று ராமேஸ்வரத்துக்கும் மற்றது தனுஷ்கோடிக்கும் போனது. 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடித் தடம் போயிற்று.

கே: மிஞ்சிய சுவர்களைப் பூசி மியூசியம் ஆக்கலாமே? சிமென்ட் போதும் என்கிறார் எங்கள் கொத்தனார். (வாசகி, மண்டபம்)

ப: கூரையெல்லாம் வேண்டாம், நிற்கிற சுவரை நிற்க வைத்தாலே பெரிய காரியம். சிமென்ட் கூடவே கூடாது. அங்கே இருப்பது பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். காரை வழியே ஈரம் வெளியேறினால் உப்பு மேலே பூக்கும், துடைத்துவிடலாம். சிமென்ட் அடைத்துவிட்டால் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும்.

முதலில் உப்புச் சோதனை. காரைப் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விட வேண்டும். பாலாகத் திரண்டால் உப்பு. அமிலம் சேர்க்க மறந்தால் சுண்ணாம்பே ஏமாற்றிவிடும். உப்பு இருந்தால் நல்ல தண்ணீரில் குழைத்த காகிதக் கூழை 2 செ.மீ. கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்தெடுக்க வேண்டும். ஒரு தடவையில் தீராது.

காரைக்கு நீற்றிய சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3. நம் பக்கத்து வழக்கப்படி கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்க்கலாம். காலடியில் கிடக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளினால், எடுத்த உப்பை நீங்களே திரும்ப வைத்தது போல. பூசியபின் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். அந்தக் காற்றில் மேல்தோல் சட்டென்று காய்ந்து, உள்ளே இறுகாமல் உதிர்ந்துவிடும். கல் தேவையா, விழுந்து கிடப்பதையே எடுத்து வையுங்கள். கடலில் பவளக்கல் எடுப்பது குற்றம்.

கே: 2025-ல் திறந்த புதிய பாலத்தில் தனுஷ்கோடிக்கு ரயில் உண்டா? (வாசகர், உச்சிப்புளி)

ப: இல்லை, ராமேஸ்வரத்தோடு சரி. அதற்கு மேல் சாலைதான்.