இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு பிரிட்டனில் ஓட்டுப் போடலாமா?

தம்பி, கவென்ட்ரியில் நீ இருக்கும் வாடகை வீட்டுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி உள்ளாட்சிக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாணவர் விசாவில் வந்த இந்தியனுக்குத் தவறி அனுப்பிவிட்டார்களா, பதில் போட்டால் விசாவுக்கு வம்பு வருமா என்று கேட்டிருந்தாய். தவறே இல்லை. உனக்கு இங்கே ஓட்டு உண்டு. கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் உண்டு. பெயர் சேர்ப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.

யாரோ போட்ட பிச்சை என்று நினைத்துக் கூச்சப்படாதே. பேரரசுக் காலத்தில் சென்னையில் பிறந்தவரும் லண்டனில் பிறந்தவரும் சட்டப்படி ஒரே அரசியின் குடிகள். நம் ஊரில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கப்பலேறி இங்கே வந்து குடியிருந்தவர், மற்றவர்களுக்குள்ள தகுதி இருந்தால், ஓட்டும் போடலாம், தேர்தலிலும் நிற்கலாம். தாதாபாய் நௌரோஜி நின்றார். ஒரு கறுப்பு மனிதரை ஆங்கிலேயர்கள் தேர்ந்தெடுப்பார்களா என்று பிரதமர் சால்ஸ்பரி 1888-இல் மேடையிலேயே பேசினார். 1892-இல் நௌரோஜி லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் 5 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் போனார். அந்த ஐந்து வாக்கை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சரி, விடுதலைக்குப் பிறகும் இந்த உரிமை எப்படித் தங்கியது? 1949 லண்டன் பிரகடனம்தான் காரணம். இந்தியா குடியரசானாலும் காமன்வெல்த்தில், அதாவது பெரும்பாலும் பிரிட்டன் முன்பு ஆண்ட நாடுகளின் கூட்டமைப்பில், நீடிக்கலாம் என்று அதில் முடிவானது. காமன்வெல்த் நாட்டவர் இங்கே முறையாகக் குடியிருந்தால் ஓட்டு உண்டு என்பதுதான் விதி. நம் ஓட்டு தப்பியது. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த நாடு. 1948-இல் விடுதலை பெற்றபோது காமன்வெல்த்தில் சேரவில்லை. அதனால் மியான்மர் பாஸ்போர்ட்டில் வந்தவருக்கு இங்கே ஓட்டு இல்லை. போர்ச்சுகல் ஆண்ட மொசாம்பிக் 1995-இல் சேர்ந்துகொண்டது, அந்நாட்டவருக்கு உண்டு! உன் வீட்டில் யாழ்ப்பாணத்துப் பையன் யாராவது இருந்தால், முறையான விசா இருக்கும் பட்சத்தில் அவனும் போடலாம்.

ஆனால் நாட்டுக்குள் நுழையும் உரிமையை 1962, 1968, 1971 என்று சட்டம் மேல் சட்டம் போட்டுப் பறித்தார்கள். கென்யாவில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு இருந்த ஆசியர்களையே 1968 சட்டம் தடுத்தது. என்னைக் கேட்டால் அது அப்பட்டமான நிறவெறி. அவ்வளவு நடந்தும், உள்ளே வந்துவிட்டவர்களின் ஓட்டில் மட்டும் கை வைக்கவில்லை.

அதனால் இன்றைக்கே பதிவு செய்துவிடு. இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் கிடையாது. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) கேட்பார்கள்; இன்னும் வரவில்லை என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாக்குச்சாவடி காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை திறந்திருக்கும். 2023 மே மாதத்திலிருந்து படம் உள்ள அடையாள அட்டை கேட்கிறார்கள், உன் இந்திய பாஸ்போர்ட்டே போதும். அப்புறம், பட்டியலில் பெயர் இருந்தால் போன் ஒப்பந்தம், கடன் அட்டை எடுக்கும்போது முகவரி சரிபார்க்கவும் உதவும். கடிதத்தைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதே, பதில் சொல்லாவிட்டால் அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.